வால் இருக்கிறதா? – ஆறு நாள் வௌவால் பயணம்

முதல் நாள்: சமணர் மலை, மதுரை

வௌவாலில் எனக்குத் தெரிந்தது இரண்டே வகை. ஆலமரத்தில் தொங்குவது பெரிசு, மண்டபத்தில் தொங்குவது சிறிசு. என் பாட்டியும் அப்படித்தான் பிரிப்பார். பெரியது வாவல், சின்னது துரிஞ்சில். அதற்கு மேல் பிரிக்க அவருக்குத் தேவை வரவில்லை. எனக்கும் வரவில்லை, போன மாதம் வரை.

நண்பனின் அக்கா வௌவால் ஆய்வாளர். வனத்துறை அனுமதியோடு ஒரு கணக்கெடுப்புக்குக் கிளம்பினார். மதுரையில் தொடங்கி கம்பம் பள்ளத்தாக்கு வழியாக மேகமலை வரை ஆறு நாள். "கையெழுத்து தெளிவா இருக்கிற ஆள் ஒண்ணு வேணும்" என்றார். எனக்கு இருக்கும் ஒரே தகுதி அதுதான். ஆக, இந்தப் பயணத்தில் நான் தாளில் எழுதுகிறவன். வலை கட்ட ஓர் அண்ணன், அளவெடுக்க ஒரு மாணவன், தீர்ப்புச் சொல்ல அக்கா.

தாளைக் கையில் கொடுக்கும்போதே ஒரு விதியும் சொன்னார். கட்டங்கள் வரிசையாக இருக்கின்றன: எண், நேரம், பால், வயது, முன்கை, எடை, காது, வால், பல், குறிப்பு. கடைசிக் கட்டம் இனம். "அதைக் கடைசியாத்தான் நிரப்பணும். முதல்லயே மனசுல பேரை எழுதிட்டா, மத்த கட்டமெல்லாம் அந்தப் பேருக்கு ஏத்த மாதிரி தெரிய ஆரம்பிச்சுடும்."

மாலை கீழக்குயில்குடிப் பக்கம் சமணர் மலைத் தொடரில் ஒரு பாறைக் குகைக்குப் போனோம். இன்று பிடிப்பதில்லை, பார்ப்பது மட்டும். வாசலிலேயே அந்த நெடி. அமோனியா கண்ணைக் கரித்தது. முகக்கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, சிவப்பு விளக்கு ஒன்றோடு ஓரமாக நின்றோம். கூரையில் கை முஷ்டி அளவுகூட இல்லாத சின்னஞ்சிறு பொதிகள், ஒன்றோடொன்று ஒட்டாமல், விரற்கடை இடைவெளி விட்டுத் தொங்கின.

மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இங்கிருந்து கூப்பிடு தூரம். எம்.கே. சந்திரசேகரன், ஜி. மாரிமுத்து குழுவினர் இந்தப் பகுதிக் குகை வௌவால்களை வைத்துத்தான் உயிரியல் கடிகாரத்தை ஆராய்ந்தார்கள். 1981இல் வெளிவந்த அவர்களுடைய ஒரு சோதனையை அக்கா நடந்துகொண்டே சொன்னார். வெளிச்சம் எட்டாத குகைக்குள் சில வௌவால்களைக் கூண்டில் வைத்தார்களாம். சூரியனையே பார்க்காத அந்தக் கைதிகள், சுற்றிலும் பறந்து போய்த் திரும்பும் கூட்டத்தின் நேரத்தை ஒட்டியே விழித்துத் தூங்கின. கூட்டம் இல்லாத இடத்தில் அடைத்தவற்றுக்கு நேரம் நாளுக்கு நாள் நழுவியது. பக்கத்து வீட்டுக்காரர் கதவு திறக்கும் சத்தத்தில் எழுந்து பழகியவன் நான். எனக்கு அது வியப்பாகவே இல்லை.

இருட்டியதும் ஒவ்வொன்றாக வெளியேறின. போவதற்குள் சில படங்கள் எடுத்தேன். ஒன்று நல்ல தங்க ஆரஞ்சு நிறம். கையேட்டைப் புரட்டினேன்: ஹிப்போசிடெரோஸ் ஃபல்வஸ். லத்தீனில் ஃபல்வஸ் என்றால் பொன்பழுப்பு. அப்புறம் என்ன சந்தேகம்? முதல் நாளே ஓர் இனத்தை அடையாளம் கண்டுவிட்டேன்.

இரண்டாம் நாள்: நேற்றைய தவறு

நேற்று எழுதியது தவறு. அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

காலையில் படத்தை அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். பெரிதாக்கச் சொன்னார். "நிறத்தை விடு. மூக்கைப் பாரு."

இந்தக் குடும்பத்து வௌவால்கள் மூக்கின் வழியாக ஒலி எழுப்புகின்றன. அந்த ஒலியைக் குவிப்பதற்கு முகத்தில் தோலால் ஆன ஒரு மடிப்பு. மூக்கிலை என்பார்கள். லாடம் போன்ற அடிப்பகுதியும் அதற்கு மேல் தட்டையான பகுதியும் எல்லாவற்றுக்கும் உண்டு. ஆனால் அந்த லாடத்தின் இருபுறமும் கூடுதல் சிற்றிலைகள் இருக்கின்றனவா, இருந்தால் எத்தனை என்பதில்தான் விஷயம். என் படத்தில் இருந்ததற்குப் பக்கத்துக்கு மூன்று. வெங்காயத் தோல் அடுக்கிய மாதிரி. ஃபல்வஸுக்கு அது கிடையவே கிடையாது. அதற்குக் காதும் பெரிது, வட்டமாக அகன்றிருக்கும். மூன்று சிற்றிலை என்றால் ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ். நேற்று கதை கேட்டேனே, அதே கடிகார வௌவால்தான். அதன் கதையைக் கேட்டுக்கொண்டே அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன்.

அப்படியானால் அந்த ஆரஞ்சு? குகைக்குள் தேங்கும் அமோனியா நாளடைவில் ரோமத்தை வெளுக்கும். சாம்பல் பழுப்பாக இருந்தது செம்பட்டையாகும். ஒரே இனத்தில், ஒரே கூரையில், ஒன்று சாம்பலாகவும் பக்கத்தில் இருப்பது ஆரஞ்சாகவும் தொங்கும். "நிறம் சாட்சி சொல்லும். ஆனா பொய்ச்சாட்சியும் சொல்லும்" என்றார் அக்கா.

அளவு பொய் சொல்வது குறைவு. வௌவாலில் அளவு என்றால் முதலில் முன்கை: முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள எலும்பு. சிறகை மடக்கினால் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும், காலிப்பரை வைப்பது எளிது. உடல் நீளத்தை அளப்பதில் பயனில்லை, உயிருள்ள வௌவால் உடம்பைச் சுருக்கும், நீட்டும். எடையும் அப்படியே, இரவு எட்டு மணிக்கு ஓர் எடை, வயிறு நிறைந்த பிறகு வேறு எடை. எலும்பு மட்டும் மாறாது. ஸ்பியோரிஸின் முன்கை ஏறக்குறைய 46 முதல் 54 மில்லிமீட்டர். ஃபல்வஸ் 38 முதல் 44. அதன் இன்னும் சின்ன தம்பி ஹிப்போசிடெரோஸ் ஆட்டர் 35 முதல் 38. ஃபல்வஸுக்கும் ஆட்டருக்கும் இரண்டிலும் சிற்றிலை இல்லை. அங்கே முன்கையும் காதின் நீளமும்தான் வழக்கைத் தீர்க்க வேண்டும்.

மதியத்துக்கு மேல் பாறை இடுக்கு ஒன்றில் எலிவால் வௌவாலைப் பார்த்தோம். வால் சவ்வுக்குள் அடங்காமல் எலிக்கு இருப்பதுபோல் நீளமாகத் தொங்கியது. ரைனோபோமா. இதில் பிரித்தறியும் வழி கேட்கவே அழகாக இருந்தது: வால் முன்கையைவிட நீளம் என்றால் ஹார்ட்விக்கி, வால் முன்கையைவிடக் குட்டை என்றால் மைக்ரோஃபில்லம். எண்ணே வேண்டாம். அதன் வாலை அதன் கையோடு ஒப்பிட்டால் போதும். நாங்கள் பார்த்தது ஹார்ட்விக்கி.

பக்கத்திலேயே கைவிடப்பட்ட ஒரு மண்டபத்தில் வேறொன்று. தரையில் தவளைக் கால், தும்பியின் இறகு, வெட்டுக்கிளித் தொடை. சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் கீழே போட்டிருந்தது. மேலே பார்த்தால் இரண்டு பெரிய காதுகள் நெற்றியில் ஒன்று சேர்ந்து, நடுவே மூக்கிலை நட்டமாக நின்றது. மெகாடெர்மா லைரா. அதன் நெருங்கிய உறவான ஸ்பாஸ்மா மலைக்காட்டுப் பக்கம் கிடைக்கும். லைராவின் மூக்கிலையில் பக்கவாட்டு ஓரங்கள் ஏறக்குறைய நேர்கோடு. ஸ்பாஸ்மாவுக்கு அவை வெளியே புடைத்து, இலை இதய வடிவம் கொள்ளும். ஆங்கிலேயர்கள் இந்த வகைக்குப் பொய் ரத்தக்காட்டேரி என்று பெயர் வைத்தார்கள். ரத்தம் குடிக்கும் வௌவால் இந்தியாவில் எங்குமே இல்லை. எலியும் தவளையும் பிடித்துத் தின்கிற ஒன்றுக்கு ஏன் இந்தப் பழி என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள்: கண்மாய்க் கரை

இன்று முதல் வலை. தண்ணீர் மேல் தாழப் பறந்து குடிக்க வரும் என்பதால் கண்மாய் ஓரம். வலை தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான கறுப்பு நூல். அந்தியில் இரண்டடி தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும், விட்டால் கடித்துக் குதறி வலையையும் கெடுத்துக்கொண்டு தன்னையும் வருத்திக்கொள்ளும். குட்டியைச் சுமந்து வருகிற தாய் சிக்கினால் அளவுகூட எடுக்காமல் உடனே விட்டுவிட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடாதவன் வலையைத் தொடக்கூடாது. அதனால் நான் தொடவில்லை, எழுதினேன்.

எளிதான பாடம் முதலில் வந்தது. இரண்டு மஞ்சள் வௌவால்கள், ஸ்கோட்டோபிலஸ். ஒன்றின் முன்கை 59, இன்னொன்றுக்கு 48. முதலாவது ஹீத்தி, இரண்டாவது குலி. ஹீத்தி 55க்குக் கீழே வருவதில்லை, குலி 53ஐத் தாண்டுவதில்லை. நடுவில் வேலி போட்டு வைத்த மாதிரி. எல்லா வௌவாலும் இப்படி இருந்துவிட்டால் அக்காவுக்கு வேலையே இருக்காது.

அடுத்து வந்தது துணிப் பைக்குள் போட்டால் பை காலியாக இருக்கிறதோ என்று தோன்றும். மூன்று கிராம். பிப்பிஸ்ட்ரெல்லஸ். தெருவிளக்கைச் சுற்றிப் படபடக்கிறதே, நாம் எல்லோரும் பார்த்த துரிஞ்சில். முன்கை 29. இதில்தான் அக்கா நெடுநேரம் தயங்கினார். இதில் இங்கே குழப்புகிற இனம் இரண்டு. டெனுவிஸ் 25 முதல் 30 வரை போகும். கோரமாண்ட்ரா 26 முதல் 34 வரை போகும். 29 இரண்டுக்கும் சொந்தம். காது, பல், ரோமம் எல்லாம் பார்த்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மண்டையோட்டையோ ஆண்குறி எலும்பின் வடிவத்தையோ பார்க்க வேண்டும், அல்லது சிறகுச் சவ்வில் சிறு துளை வெட்டி மரபணுவுக்கு அனுப்ப வேண்டும். இன்று அதற்கு அனுமதி எடுத்து வரவில்லை.

"என்ன எழுத?"

"பிப்பிஸ்ட்ரெல்லஸ்னு எழுதி, பக்கத்துல ஒரு கோடு போடு."

"கோடா?"

"தெரியலைங்கிறதையும் எழுதத்தான் வேணும்."

இனக் கட்டத்தில் கோடு போட எனக்குப் பிடிக்கவில்லை. போட்டேன்.

பிடிபட்டது குட்டியா, வளர்ந்ததா என்று பார்ப்பதையும் இன்று கற்றேன். சிறகை விரித்துப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் விரல் மூட்டுகள் தெரியும். இளசு என்றால் மூட்டில் வெளிச்சம் ஊடுருவும், குருத்தெலும்பு இன்னும் கெட்டிப்படவில்லை. வளர்ந்தது என்றால் முடிச்சுப் போட்ட மாதிரி உருண்டு கறுப்பாகத் தெரியும். இதைப் பார்க்காமல் முன்கையை மட்டும் அளந்தால், பெரிய இனத்தின் குட்டியைச் சிறிய இனத்தின் பெரியவர் என்று எழுதிவிடுவோம்.

நான்காம் நாள்: கம்பம் பள்ளத்தாக்கு

திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே ஒரு கொய்யாத் தோப்பு. இரவு எட்டு மணிக்குள் ஐந்து பழந்தின்னிகள். தோட்டக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "இதுல நல்லது கெட்டது எது மேடம்?" என்றார். பழம் போனது அவருக்கு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சட்டமும் நெடுநாள் அவர் பக்கம்தான் இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தப் பட்டியலே போனது. ஆனால் அதற்கு முன்பும் பழந்தின்னிகளில் ஒன்றே ஒன்று மட்டும் புலி, யானைக்குச் சமமாக முதல் பட்டியலில் இருந்தது. அது எது என்பது நாளைக்கு. அதைத் தேடித்தான் மலை ஏறுகிறோம்.

ஐந்தில் நான்கு ஒரே மாதிரி. குட்டை மூக்கு, இரண்டு நாசியும் குழாய்போல ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்தன. காது ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்ததுபோல் வெள்ளை விளிம்பு. சிறகு விரித்தால் கறுத்த சவ்வுக்கு நடுவே விரல் எலும்புகள் வெளிறி ஓடின. ஆண் ஒன்றின் கழுத்தில் ஆரஞ்சுப் பட்டை. சைனோப்டெரஸ் ஸ்பிங்ஸ், குட்டைமூக்குப் பழந்தின்னி. கூந்தற்பனைக் குலையிலும் நெட்டிலிங்கத்திலும் ஆண் வௌவால் தழையைக் கடித்து வளைத்துக் கூடாரம் கட்டும் என்றார் மாணவன். கட்டி முடித்த கூடாரத்தைப் பார்த்துத்தான் பெண்கள் வந்து சேருமாம்.

ஐந்தாவது வேறு. முகம் நீளம், நாய்க்குட்டியை ஞாபகப்படுத்தியது. காதில் வெள்ளை இல்லை. உடம்பெல்லாம் ஒரே மங்கிய பழுப்பு. பையில் போடும்போது டிக் டிக் என்று நாக்கைத் தட்டியது. அது ரூசெட்டஸ். பழந்தின்னிகளில் பொதுவாக எதிரொலி கேட்டுப் பறக்கும் பழக்கம் கிடையாது, கண்ணும் மூக்கும்தான். ரூசெட்டஸ் மட்டும் இருட்டுக் குகையில் தங்குவதால் நாக்கைச் சொடுக்கி அந்த எதிரொலியில் வழி பார்க்கிறது. முன்கை 75 முதல் 86. ஸ்பிங்ஸ் 66 முதல் 75. எல்லை உரசுகிறது. நல்ல பெரிய ஸ்பிங்ஸும் சின்ன ரூசெட்டஸும் ஒரே எண்ணில் வந்து நிற்கலாம், அப்போது காது விளிம்பும் முகமும்தான் கைகொடுக்கும்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்றை அக்கா வேண்டுமென்றே காட்டினார். பின்பக்கம் திருப்பி, தொடைச் சவ்வுக்கு அடியில் விரலால் தள்ளினார். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வால், மண்புழு தலை நீட்டுவதுபோல.

"ஸ்பிங்ஸுக்கு வால் இருக்கு. ரூசெட்டஸுக்கு வால் இருக்கு. இது ஞாபகம் இருக்கட்டும்."

ஏன் என்று கேட்டேன். மலைக்குப் போகும்போது சொல்கிறேன் என்றார்.

ஐந்தாம் நாள்: மேகமலை

சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அக்கா அந்தக் கதையைச் சொன்னார். பாதி வளைவில் எனக்குத் தலை சுற்றியது, கதையால் அல்ல.

1948இல் இந்த மேகமலையில், ஆங்கிலேயர் வழக்கில் ஹைவேவிஸ் மலையில், ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்ட அதிகாரி, இயற்கை ஆர்வலர், ஒரு வௌவாலைப் பிடித்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே பெயர்ச்சீட்டு ஒட்டினார்கள்: குட்டைமூக்குப் பழந்தின்னி, சைனோப்டெரஸ் ஸ்பிங்ஸ். நேற்று தோப்பில் சிக்கியதே, அதேதான் என்று. நடுத்தர உடம்பு, பழந்தின்னி முகம், தென்னிந்தியா. சந்தேகப்பட என்ன இருக்கிறது? பெட்டிக்குள் போனது.

இருபது ஆண்டுகளுக்கும் மேல் அப்படியே கிடந்தது. பிறகு தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தார். உலகின் மிகச்சிறிய வௌவாலுக்கு இன்று அவர் பெயர்தான் இருக்கிறது, அந்தக் கிட்டி. அவர் பார்த்ததை அக்கா விரல்விட்டுச் சொன்னார்: வெளியே வாலே இல்லை. மேல்தாடையில் ஸ்பிங்ஸுக்கு இரண்டு ஜோடி வெட்டுப்பல் இருக்க வேண்டும், இதற்கு ஒரே ஜோடி. பல்லின் எண்ணிக்கை மாறினால் அது இனம் மாறுவதோடு நிற்பதில்லை. 1972இல் அவர் அதற்குப் புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே படைத்தார். லாட்டிடென்ஸ், அகலப்பல். பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சேர்த்து லாட்டிடென்ஸ் சலீமலி.

நேற்று சொன்ன முதல் பட்டியல் பழந்தின்னி இதுதான். யோசித்துப் பார்த்தால் விசித்திரம். பெட்டியில் இருந்த அந்த ஒற்றை வௌவால் பழைய சீட்டோடு இருந்திருந்தால் பின்னாளில் தீங்குயிர். சீட்டு மாறியதால் புலிக்குச் சமம். இடையில் மாறியது வௌவால் அல்ல.

அதன் பிறகும் உயிரோடு மறுபடி கண்டது 1993இல்தான். இப்போது களக்காடு முண்டந்துறை, பெரியாறு பக்கமும் இருப்பது தெரியும். இந்தக் காட்டில் ருத்ராட்ச வகை மரங்களின் பழத்தைத் தின்னும். இந்தப் பகுதி 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது, அதனால் அனுமதிக் காகிதங்கள் ஒரு கோப்பு நிறைய.

மாலை தேயிலைத் தோட்டம் ஓரம் ஒரு பழைய சுரங்கக் கால்வாய். அதில் லாட மூக்கு வௌவால்கள், ரைனோலோபஸ் ரூக்ஸி. முதல் நாள் பார்த்த ஹிப்போசிடெரோஸோடு இதைக் குழப்பிக்கொள்வேன் என்று அக்கா காத்திருந்தார் போல. குழப்பிக்கொள்ளவில்லை. லாட மூக்குக்கு மூக்கிலையின் உச்சி ஈட்டிபோலக் கூர்ந்திருக்கும், நடுவில் இருக்கை மாதிரி ஒரு தனி மடல் எழுந்து நிற்கும். ஹிப்போசிடெரோஸுக்கு உச்சி மழுங்கல், நடு மடல் கிடையாது. இன்னும் சந்தேகம் இருந்தால் கால் விரலை எண்ணலாம்: ஹிப்போசிடெரோஸுக்கு ஒவ்வொரு விரலிலும் இரண்டே கணு. லாட மூக்குக்குக் கட்டைவிரல் தவிர மற்றவற்றில் மூன்று.

ஆனால் இங்கும் ஒரு பொறி. மேற்குத் தொடரில் ரூக்ஸி என்று எண்ணியிருந்ததில் இரண்டு வகைக் குரல் உண்டு. ஒன்று 80 கிலோஹெர்ட்ஸை ஒட்டி, இன்னொன்று 90ஐ ஒட்டி. பார்வைக்கு ஒன்றே. மரபணுவைப் பார்த்தபோது 90ஐ ஒட்டியது தனி இனம் என்று 2012இல் முடிவானது, இண்டோரூக்ஸி என்று பெயர். எங்கள் கருவி காட்டியது 81. கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம் என்று நினைத்தேன், கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் பயனில்லை.

ஆறாம் நாள்: இரண்டு இரவுகளும் ஒரு கோடும்

நேற்றிரவும் இன்றிரவும் சேர்த்து எழுதுகிறேன். இடையில் தூங்கவில்லை.

நேற்றிரவு மூன்று வலை, காட்டு ஓரத்தில் பழம் உதிர்ந்த ஒரு மரத்தடியில். பனிமூட்டம் எழுந்து வலை நூலில் நீர்த்துளி கோர்த்துக்கொண்டதும், வலை வெள்ளைத் திரையாக எங்களுக்கே தெரிந்தது. வௌவாலுக்குத் தெரியாமல் இருக்குமா? விடிவதற்குள் இரண்டு. ஒன்று ரூசெட்டஸ், முன்கை 81, பக்கத்தில் வரும்போதே டிக் டிக். இன்னொன்று பார்த்ததும் ஸ்பிங்ஸ் என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். முன்கை 60. ஸ்பிங்ஸுக்கு அது போதாது. மூட்டைப் பார்த்தோம், கறுத்து உருண்டிருந்தது, வளர்ந்ததுதான். காது நீளம் 17. வால் இருக்கிறது. சைனோப்டெரஸ் பிராக்கியோடிஸ், ஸ்பிங்ஸின் சின்னத் தம்பி வகை, முன்கை 57 முதல் 63. எழுதிவிட்டு நிமிர்ந்தேன். முதன்முறையாக அக்கா தலையாட்டுவதற்கு முன்பே எழுதியிருக்கிறேன், கடைசிக் கட்டத்தை கடைசியாக.

இன்றிரவு பனி இல்லை. காற்று. பத்து மணிக்குள் மூன்று ரூசெட்டஸ். நள்ளிரவுக்கு மேல் ஒன்றுமே இல்லை. அண்ணன் வலைக் கம்பத்தில் சாய்ந்து உறங்கினார், மாணவன் போர்வைக்குள். இரண்டு நாற்பதுக்கு நடு வலை அசைந்தது.

அக்காவே எடுத்தார். தலை கறுத்த பழுப்பு, மற்ற இடமெல்லாம் வெளிறல். காது முட்டை வடிவம், விளிம்பில் வெள்ளை தெரியவில்லை. ஆனால் ரோமம் ஈரம், ஹெட்லைட்டின் வெளிச்சம் மஞ்சள், அந்த நேரத்துக்குக் கண்ணும் நம்பகமானது அல்ல. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. குரல் மட்டும் தாழ்ந்தது.

"முன்கை எழுது. அறுபத்தேழு."

எழுதினேன். ரூசெட்டஸ் போனது, பிராக்கியோடிஸ் போனது. மிஞ்சியது இரண்டு. ஸ்பிங்ஸ் 66இல் தொடங்குகிறது. சலீமலி 66 முதல் 69. அறுபத்தேழு இரண்டுக்கும் நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

"வால் பாக்கணும். லைட்டை இந்தப் பக்கம் பிடி."

எழுதும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லைட்டைத் திருப்பினேன். அக்கா உடம்பைத் திருப்பிச் சவ்வுக்கு அடியில் விரல் கொண்டுபோகும் நேரம், அது கையுறையின் மடிப்பைக் கடித்துத் திமிறியது. பிடி தளர்ந்தது. அக்கா இறுக்கவில்லை, இறுக்கினால் விரல் எலும்பு முறியும். ஒரு அடி கீழே விழுந்து, சிறகைப் பிரித்து, லைட்டுக்கு வெளியே போனது. மரத்துக்குள் ஒரு சலசலப்பு. அப்புறம் அதுவும் இல்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாணவன்தான் முதலில்: "மேடம், காதுல வெள்ளை இல்லையே... அதுதானே?"

"ஹட்டன் அனுப்பினதைப் பாத்தவங்களும் அப்படித்தானே சொன்னாங்க, அதுதானேன்னு" என்றார் அக்கா. சிரிக்கவும் இல்லை, கோபமும் இல்லை. கையுறையைக் கழற்றி மடித்தார்.

நான் தாளோடு நின்றேன். நேரம் 2.40. பால், பார்க்கவில்லை. வயது, பார்க்கவில்லை. முன்கை 67. எடை, இல்லை. காது, விளிம்பு தெளிவில்லை. வால், பார்க்கவில்லை. பல், பார்க்கவில்லை. குறிப்பில் தலை கறுத்த பழுப்பு, உடல் வெளிறல், ஈரம் என்று எழுதினேன். ஆறு நாளாகத் தேடி வந்த பெயர் நாக்கு நுனியில் இருந்தது. பேனாவை வைத்தால் எழுதிவிடும் தூரம்.

கடைசிக் கட்டத்தில் கோடு போட்டேன். பிறகு அண்ணனை எழுப்பி வலையைக் கழற்ற ஆரம்பித்தோம். நூலில் ஒரு இடத்தில் கொஞ்சம் ரோமம் சிக்கியிருந்தது. அக்கா அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, மேலே எண்ணும் நேரமும் எழுதச் சொன்னார்.

"இனம்?" என்றேன்.

"அந்த இடத்தை விட்டு எழுது."